ப்ராக்ஸ்மாக்ஸில் பொது ஸ்டோரேஜுக்கு டிஸ்க் இமேஜ் ஏற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று சர்வர்களைச் சேர்த்து, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸில் க்ளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டம்) அமைத்தாயிற்று. ஒரு நாள் முதல் நோடை, அதாவது முதல் சர்வரை, பராமரிப்புக்காக நிறுத்த வேண்டி, அதில் ஓடும் வி.எம்.மை (மெய்நிகர் கணினியை) இரண்டாவது நோடுக்கு மாற்றப் போகிறீர்கள். ‘மைக்ரேட்’ பொத்தானை அழுத்தினால், உள்ளூர் சிடி இருப்பதால் மாற்ற முடியாது என்று மறுக்கிறது. பார்த்தால், ஆறு மாதம் முன்பு உபுண்டு நிறுவப் பயன்படுத்திய ஐ.எஸ்.ஓ. கோப்பு இன்னும் அந்த வி.எம்.மின் சிடி டிரைவில் செருகியபடியே கிடக்கிறது. அந்தக் கோப்பு முதல் நோடின் சொந்த வட்டில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது நோடுக்கு அது கண்ணிலேயே படாது.

பலர் பொது ஸ்டோரேஜைத் தேடிப் போவது இந்த இடத்தில்தான். எல்லா நோடுகளும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ஒரு சேமிப்பகத்தில் இமேஜ்களை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏற்றும் வேலையில் பல குழிகள் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே ஒரே காரணத்தால் வருபவை: கோப்பு இந்த நிமிடம் எந்த வட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே போகலாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில்: எது எங்கே போகும்

ப்ராக்ஸ்மாக்ஸ் வி.இ. என்பது வியன்னாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவரும் திறமூல மென்பொருள். டெபியன் லினக்ஸ் மேல் ஓடுகிறது. உள்ளே வேலை செய்வது, மெய்நிகர் கணினிகளை ஓட்ட லினக்ஸிலேயே உள்ள வசதியான கே.வி.எம். எட்டாம் பதிப்பு டெபியன் 12ஐயும் ஒன்பதாம் பதிப்பு டெபியன் 13ஐயும் அடிப்படையாகக் கொண்டவை.

டிஸ்க் இமேஜ் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஐ.எஸ்.ஓ.: நிறுவுவதற்கான சிடி. அதை வி.எம். படிக்க மட்டும் செய்யும். இன்னொன்று வன்தட்டு இமேஜ்: க்யூகவ்2, ரா, வி.எம்.டி.கே. போன்றவை. இதுதான் வி.எம்.மின் வட்டாகவே மாறப்போகிறது. முதல் வகையை ஒரு கோப்புறையில் போட்டால் வேலை முடிந்தது. இரண்டாவதை ஏற்றினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அப்புறம் ‘இம்போர்ட்’ செய்ய வேண்டும்.

ஸ்டோரேஜிலும் இரண்டு வகை. என்.எஃப்.எஸ்., எஸ்.எம்.பி., செஃப்எஃப்எஸ் எல்லாம் கோப்பு வகை, நெட்வொர்க் வழியாகக் கோப்புறைகளைப் பகிர்பவை. ஐஸ்கசி மேல் போட்ட எல்.வி.எம்., செஃப் ஆர்.பி.டி. இவை ப்ளாக் வகை, வெறும் வட்டாகவே தருபவை. இவற்றில் கோப்புறை என்று எதுவும் கிடையாது. ஆகவே ஐ.எஸ்.ஓ.வை இவற்றில் வைக்கவே முடியாது. “எங்களிடம் விலையுயர்ந்த ஸ்டோரேஜ் இருக்கிறது, அப்லோட் பொத்தான் மட்டும் காணோம்” என்பவர்களுக்குப் பதில் இதுதான். வி.எம். வட்டுகள் ப்ளாக் ஸ்டோரேஜில் இருக்கட்டும், ஐ.எஸ்.ஓ.க்களுக்கும் வெளியிலிருந்து வரும் இமேஜ்களுக்கும் சின்னதாக ஒரு என்.எஃப்.எஸ். பகிர்வு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்.வி.எம்-தின்னும் இசட்.எஃப்.எஸ்.ஸும் அந்தந்த நோடுக்குச் சொந்தமானவை. நோடுகளுக்கிடையே பகிர முடியாது.

இந்த வழிகாட்டியில் ‘நாஸ்’ என்ற பெயரில் ஒரு என்.எஃப்.எஸ். ஸ்டோரேஜை வைத்துக்கொண்டு போகிறேன்.

படி 1: ஸ்டோரேஜைச் சேர்ப்பது

உலாவியில் 8006 போர்ட்டில் ப்ராக்ஸ்மாக்ஸைத் திறந்து, இடப்பக்க மரத்தில் ‘டேட்டாசென்டர்’, அதற்குள் ‘ஸ்டோரேஜ்’, பிறகு ‘ஆட்’, ‘என்.எஃப்.எஸ்.’ ‘ஐடி’ கட்டத்தில் பெயர், ‘சர்வர்’ கட்டத்தில் நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கருவியின்) ஐ.பி. முகவரி. ‘எக்ஸ்போர்ட்’ கட்டத்தைச் சொடுக்கினால் அந்தப் பெட்டி பகிரும் கோப்புறைகளைத் தானாகவே பட்டியலிடும். பட்டியல் வரவில்லை என்றால் அங்கேயே நில்லுங்கள்: நாஸ் பக்கத்தில் இந்த நோடுகளின் ஐ.பி.க்களுக்கு அனுமதி தரவில்லை, அல்லது இடையில் ஃபயர்வால் இருக்கிறது. எல்லா நோடுகளின் முகவரிகளையும் நாஸில் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவற்றை மறப்பது வாடிக்கை.

அடுத்து ‘கன்டென்ட்’ பட்டியல். இயல்பாக இதில் ‘டிஸ்க் இமேஜ்’ மட்டும்தான் தேர்வாகியிருக்கும். அப்படியே விட்டால் ஐ.எஸ்.ஓ. ஏற்றும் பக்கமே அந்த ஸ்டோரேஜில் தோன்றாது. ‘ஐ.எஸ்.ஓ. இமேஜ்’ என்பதையும் சேருங்கள். உங்கள் பதிப்பில் ‘இம்போர்ட்’ என்று ஒன்று இருந்தால் அதையும் சேருங்கள்.

‘ஆட்’ அழுத்தியதும் அனுமதி மறுக்கப்பட்டது என்று பிழை வருகிறதா? ப்ராக்ஸ்மாக்ஸ் இந்த இடத்தில் தன் துணைக் கோப்புறைகளை உருவாக்கப் பார்க்கிறது. அதை ரூட் பயனராகச் செய்கிறது. என்.எஃப்.எஸ். சர்வர்களோ, பாதுகாப்புக்காக, வெளியிலிருந்து வரும் ரூட்டை ‘நோபடி’ என்ற அதிகாரமற்ற பயனராக மாற்றிவிடும். இதற்கு ‘ரூட் ஸ்க்வாஷ்’ என்று பெயர். லினக்ஸ் சர்வர் என்றால் எக்ஸ்போர்ட் வரியில் ‘நோ ரூட் ஸ்க்வாஷ்’ சேர்க்க வேண்டும். ட்ரூநாஸில் ‘மேப்ரூட் யூசர்’ என்பதில் ரூட் என்று தர வேண்டும். சைனாலஜியில் ‘ஸ்க்வாஷ்’ பட்டியலில் ‘நோ மேப்பிங்’ தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படித் திறந்துவிடுவதால், அந்தப் பகிர்வை நோடுகளின் ஐ.பி.க்களுக்கு மட்டும் அனுமதியுங்கள். அலுவலக நெட்வொர்க் முழுவதற்கும் திறந்துவிடாதீர்கள்.

சேர்ந்ததும் எல்லா நோடுகளிலும் அந்த ஸ்டோரேஜ் தானாகத் தோன்றும். ஒவ்வொரு நோடிலும் அது ‘/எம்என்டி/பிவிஇ/நாஸ்’ என்ற பாதையில் மவுன்ட் ஆகியிருக்கும், அதாவது அந்த நோடின் ஒரு கோப்புறை போல இணைந்திருக்கும். இந்தப் பாதையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘ஷேர்டு’ என்ற டிக் பற்றி

‘டைரக்டரி’ வகை ஸ்டோரேஜ் சேர்க்கும்போது ‘ஷேர்டு’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் அந்தக் கோப்புறை எல்லா நோடுகளுக்கும் பகிரப்பட்டுவிடும் என்று நினைப்பது இயல்பு. அப்படி எதுவும் நடக்காது. “இது ஏற்கெனவே வேறு ஏதோ வழியில் பகிரப்பட்டிருக்கிறது, என்னை நம்பு” என்று ப்ராக்ஸ்மாக்ஸுக்கு நாம் சொல்லும் வாக்குறுதி அது, அவ்வளவுதான். பொய் வாக்குறுதி தந்தால், மைக்ரேட் செய்யும்போது வட்டை நகலெடுக்க வேண்டாம் என்று அது முடிவுகட்டிவிடும். மறுபக்கம் போய்ப் பார்த்தால் வட்டு இருக்காது. என்.எஃப்.எஸ்.ஸிலும் எஸ்.எம்.பி.யிலும் இந்தக் கவலை இல்லை, அவை பொது என்பது அதற்கே தெரியும்.

படி 2: உலாவி வழியாக ஐ.எஸ்.ஓ. ஏற்றுவது

இடப்பக்க மரத்தில் ஏதாவது ஒரு நோடின் கீழ் ‘நாஸ்’ ஸ்டோரேஜைச் சொடுக்கி, ‘ஐ.எஸ்.ஓ. இமேஜஸ்’, ‘அப்லோட்’. கோப்பைத் தேர்ந்தெடுங்கள். கீழே ‘ஹாஷ் அல்காரிதம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும்; அதில் எஸ்.எச்.ஏ.-256 தேர்ந்து, பதிவிறக்கிய தளத்தில் தந்திருக்கும் செக்சம்மை (கோப்பிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புக் குறியீட்டை) ஒட்டினால், கோப்பு சிதையாமல் வந்ததா என்று அதுவே சரிபார்த்துவிடும். இருபது வினாடி வேலை. சிதைந்த ஐ.எஸ்.ஓ.வை வைத்துக்கொண்டு நிறுவல் ஏன் பாதியில் நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட மேல்.

‘அப்லோட்’ அழுத்தியதும் முன்னேற்றப் பட்டை ஓடி நூறைத் தொடும். முடிந்தது என்று டேபை மூடப் போவீர்கள். பொறுங்கள். உங்கள் கோப்பு இன்னும் நாஸுக்குப் போகவில்லை.

உலாவியிலிருந்து வரும் கோப்பு முதலில் நோடின் சொந்த ரூட் வட்டில் (ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவியிருக்கும் பகுதியில்) ‘/வார்/டெம்ப்’ என்ற இடத்தில், ‘பிவிஇஅப்லோட்’ என்று தொடங்கும் பெயருடைய தற்காலிகக் கோப்பாக இறங்குகிறது. எந்த நோடின் முகவரியை உலாவியில் திறந்திருக்கிறீர்களோ அந்த நோடில். முழுவதும் இறங்கிய பிறகே அங்கிருந்து நாஸுக்கு நகலெடுக்கும் வேலை தொடங்கும். பட்டை முடிந்ததும் திறக்கும் ‘டாஸ்க்’ சாளரத்தைப் படித்தால் தெரியும்: எந்தத் தற்காலிகக் கோப்பிலிருந்து, எந்த இடத்துக்கு என்று இரண்டு பாதைகளையும் காட்டும். கடைசி வரியாக ‘டாஸ்க் ஓகே’ வந்தால்தான் முடிந்ததாகப் பொருள்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று நேரம்: ஒரே கோப்பு நெட்வொர்க்கில் இரண்டு முறை பயணம் செய்கிறது. இன்னொன்று இடம், இதுதான் ஆபத்தானது. நாஸில் பத்து டெராபைட் காலியாக இருந்தாலும், நோடின் ரூட் பார்ட்டிஷனில் அந்தக் கோப்பு கொள்ளும் அளவு இடம் இல்லையென்றால் அப்லோட் தோற்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலர் எல்.வி.எம். முறையில் நிறுவும்போது ரூட்டுக்கு வட்டின் கால் பங்குக்கு மேல் தருவதில்லை. 120 ஜிபி எஸ்.எஸ்.டி.யில் நிறுவியிருந்தால் ரூட்டுக்குக் கிடைப்பது 30 ஜிபிக்குள்தான். விண்டோஸ் ஐ.எஸ்.ஓ. ஐந்தாறு ஜிபி, பிரச்சினை இல்லை. 60 ஜிபி இமேஜை இந்த வழியில் தள்ளினால் ரூட் நிரம்பும். ரூட் நிரம்பிய நோடில் வலைப்பக்கத்துக்குள் நுழைவதே சிரமமாகிவிடும்.

பாதியில் டேபை மூடினாலோ வைஃபை விட்டுப் போனாலோ, விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. சில நேரம் பாதிக் கோப்பு ‘/வார்/டெம்ப்’பில் அப்படியே தங்கிவிடும். ரூட் வட்டு காரணமில்லாமல் நிரம்பியிருந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோப்புறையைத்தான்.

ஆக, என் கணக்கில் உலாவி அப்லோட் என்பது பத்து ஜிபிக்குள் அடங்கும் கோப்புகளுக்கு மட்டும்.

படி 3: நோடையே பதிவிறக்கச் சொல்வது

‘அப்லோட்’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘டவுன்லோட் ஃப்ரம் யூ.ஆர்.எல்.’ என்று ஒன்று இருக்கிறது. ஏழாம் பதிப்பில் வந்தது. பொதுவில் கிடைக்கும் எந்த இமேஜுக்கும் நான் இதைத்தான் பயன்படுத்துவேன். நம் கணினிக்கு இறக்கி, மறுபடி அங்கே ஏற்றுவது மூக்கைச் சுற்றித் தொடுவது போல.

இணைப்பை ஒட்டி ‘க்வெரி யூ.ஆர்.எல்.’ அழுத்துங்கள், கோப்பின் பெயரும் அளவும் வரும். செக்சம்மை இங்கும் தரலாம். இந்த வழியில் கோப்பு நேராக நாஸில்தான் எழுதப்படுகிறது, ‘/வார்/டெம்ப்’ பக்கம் போவதில்லை. உங்கள் மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம், அது பாட்டுக்கு நடக்கும். நோடுக்கு இணைய இணைப்பு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அலுவலகத்தில் ப்ராக்ஸி வழியாகத்தான் இணையம் என்றால் ‘டேட்டாசென்டர்’, ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் எச்.டி.டி.பி. ப்ராக்ஸியைக் குறிப்பிடலாம்.

ஒரு சின்ன வித்தை. ஐ.எஸ்.ஓ. பகுதி ‘.ஐஎஸ்ஓ’, ‘.ஐஎம்ஜி’ என்ற இரண்டு பின்னொட்டுகளை ஏற்கும். உபுண்டுவின் க்ளவுட் இமேஜ் (ஏற்கெனவே நிறுவித் தயாராக வரும் வட்டு இமேஜ்) ‘.ஐஎம்ஜி’ என்றுதான் வருகிறது, ஆனால் உள்ளே இருப்பது க்யூகவ்2. டெபியன் தருவது ‘.க்யூகவ்2’ என்ற பின்னொட்டோடு. அதைப் பெயர்க் கட்டத்தில் ‘.ஐஎம்ஜி’ என்று மாற்றிவிட்டால் இறங்கிவிடும். பின்னொட்டு வெறும் சட்டைதான். ‘இம்போர்ட்’ பகுதி உள்ள புதிய பதிப்புகளில் இந்த வேஷம் தேவைப்படாது.

படி 4: பெரிய கோப்புகளுக்கு நேர்வழி

பழைய சர்வரிலிருந்து எடுத்த 100 ஜிபி இமேஜ் கையில் இருக்கிறது. முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் வினாடிக்கு ஏறக்குறைய 110 எம்பி போகும். 100 ஜிபிக்குக் கால் மணி நேரம். நடுவில் எங்காவது பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று ஒளிந்திருந்தால் அதே வேலைக்கு இரண்டரை மணி நேரம்.

பிறகு, உண்மையிலேயே 100 ஜிபி அனுப்ப வேண்டுமா என்று பாருங்கள். ரா இமேஜில் சில நேரம் 12 ஜிபிதான் தரவு இருக்கும், மீதி எல்லாம் பூச்சியம். கோப்பு நகலெடுக்கும் எஸ்.சி.பி. கட்டளை அந்தப் பூச்சியங்களையும் ஒன்று விடாமல் சுமந்துகொண்டு போகும். அனுப்பும் முன்பே ‘க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி கன்வெர்ட்’ கட்டளையால் க்யூகவ்2வாக மாற்றினால் கோப்பு தரவின் அளவுக்குச் சுருங்கிவிடும். ‘-பி’ சேர்த்தால் எவ்வளவு முடிந்தது என்று காட்டும்.

அப்புறம் அனுப்புவது. லினக்ஸிலிருந்து என்றால் ஆர்சிங்க்கை ‘--பார்ஷியல்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் வந்தவரை அழியாமல் இருக்கும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். விண்டோஸிலிருந்து என்றால் வின்எஸ்சிபி. போய்ச் சேர வேண்டிய இடம், நோடில் ‘/எம்என்டி/பிவிஇ/நாஸ்/’ என்பதற்குள் ‘டெம்ப்ளேட்/ஐஎஸ்ஓ’ கோப்புறை. நாஸ் பெட்டிக்கே நேரடியாக அந்தக் கோப்புறையில் எழுத முடிந்தால் இன்னும் நல்லது, நோடைத் தொடவே வேண்டாம். ப்ராக்ஸ்மாக்ஸ் தனியாகப் பட்டியல் எதுவும் வைத்திருப்பதில்லை. கோப்புறையில் கிடக்கும், ஏற்ற பின்னொட்டுள்ள கோப்புகளைத்தான் காட்டுகிறது. பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம்.

அனுப்பும் முன் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். நோடில் ‘பிவிஇஎஸ்எம் ஸ்டேட்டஸ்’ கட்டளை தந்து, ‘நாஸ்’ வரியில் ‘ஆக்டிவ்’ என்று இருக்கிறதா பாருங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் அனுப்பினேன். அன்று காலை நாஸ் பெட்டியை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள், மவுன்ட் இல்லை. ஆனால் ‘/எம்என்டி/பிவிஇ/நாஸ்’ என்ற வெறும் கோப்புறை நோடில் இருந்தது, அதற்குள் பழைய துணைக் கோப்புறைகளும் இருந்தன. கோப்பு சமர்த்தாக அங்கே போய் உட்கார்ந்து ரூட் வட்டை நிரப்பிவிட்டது. நாஸ் திரும்ப மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்பு மவுன்டுக்கு அடியில் மறைந்துபோனது. ரூட் நிரம்பியிருக்கிறது, நிரப்பிய கோப்பு மட்டும் கண்ணில் படவில்லை. மவுன்டை எடுத்துவிட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

படி 5: இமேஜை வட்டாக்குவது

ஐ.எஸ்.ஓ. ஏற்றியவர்கள் இதோடு எழுந்து போகலாம். வன்தட்டு இமேஜ் ஏற்றியவர்கள் உட்காருங்கள்.

முதலில் ‘க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி இன்ஃபோ’ கட்டளையால் கோப்பை விசாரியுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். ‘ஃபைல் ஃபார்மட்’: பின்னொட்டு பொய் சொன்னாலும் இது உண்மையைச் சொல்லும். ‘வர்ச்சுவல் சைஸ்’: வி.எம்.முக்குத் தெரியப்போகும் அளவு. கோப்பு 600 எம்பி இருக்கும், இது 3.5 ஜிபி என்று காட்டும், அது சரிதான். ‘பேக்கிங் ஃபைல்’: இந்த வரி இருந்தால் உங்களிடம் இருப்பது முழு இமேஜ் இல்லை, இன்னொரு இமேஜின் மேல் ஏற்பட்ட மாற்றங்கள் மட்டும். மூலக்கோப்பு இருக்கும் கணினிக்கே திரும்பிப் போய், கன்வெர்ட் செய்து ஒரே கோப்பாக்கிக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து ஒரு வெற்று வி.எம். உருவாக்குங்கள், எண் 9000 என்று வைத்துக்கொள்வோம். ஓ.எஸ். பக்கத்தில் ‘டூ நாட் யூஸ் எனி மீடியா’. ‘டிஸ்க்ஸ்’ பக்கத்தில் அது தானாகப் போட்டு வைத்திருக்கும் வட்டை நீக்கிவிடுங்கள்.

நோடின் ‘ஷெல்’லைத் திறந்து ‘க்யூஎம் டிஸ்க் இம்போர்ட்’ என்று தொடங்கி, வி.எம். எண், கோப்பின் முழுப் பாதை, எந்த ஸ்டோரேஜ் என்ற மூன்றையும் இந்த வரிசையில் தாருங்கள். நாஸில் ஸ்னாப்ஷாட் வேண்டுமென்றால் ‘--ஃபார்மட் க்யூகவ்2’ என்பதையும் சேருங்கள். இலக்கு செஃப் ஆர்.பி.டி. என்றால் அது தானே ராவாக மாற்றிக்கொள்ளும். பழைய குறிப்புகளில் ‘க்யூஎம் இம்போர்ட்டிஸ்க்’ என்று பார்த்திருப்பீர்கள், அதே கட்டளைதான்.

முடிந்ததும் வி.எம்.மின் ‘ஹார்ட்வேர்’ பக்கத்தில் ‘அன்யூஸ்டு டிஸ்க் 0’ என்று ஒன்று முளைத்திருக்கும். வட்டு வந்துவிட்டது, இன்னும் மாட்டவில்லை. இரட்டைச் சொடுக்கு, ‘ஸ்கசி’ தேர்வு, ‘ஆட்’. பிறகு ‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘பூட் ஆர்டர்’ போய், இந்த வட்டை டிக் செய்து மேலே இழுங்கள். பாதிப்பேர் இதை மறந்துவிட்டு, பூட் ஆகும் வட்டு இல்லை என்ற கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

க்ளவுட் இமேஜ் என்றால் இன்னும் இரண்டு வேலை. அவற்றில் கடவுச்சொல் எதுவும் முன்கூட்டி வைத்திருக்காது. ‘க்ளவுட்இனிட் டிரைவ்’ சேர்த்து, அந்தப் பக்கத்தில் பயனர் பெயர், எஸ்.எஸ்.எச். சாவி, ஐ.பி. எல்லாம் தராமல் உள்ளே நுழைய முடியாது. அடுத்தது அளவு: ‘டிஸ்க் ஆக்‌ஷன்’, ‘ரீசைஸ்’ வழியாக எத்தனை ஜிபி கூட்ட வேண்டுமோ அதைத் தாருங்கள். மொத்த அளவை அல்ல, கூட்டும் அளவை. 40 ஜிபி வேண்டும் என்று 40 அடித்தால் 43.5 ஆகிவிடும், குறைக்கும் வசதி கிடையாது.

விஎம்வேரிலிருந்து வருபவர்களுக்கு

வி.எம்.டி.கே. பெரும்பாலும் இரட்டைக் கோப்பாக வரும். ஒன்று சில நூறு பைட் அளவுள்ள விவரக் கோப்பு. இன்னொன்று ‘-ஃப்ளாட்’ என்று முடியும், உண்மையான தரவு அதில்தான். சிலர் சின்னதை மட்டும் கொண்டுவருவார்கள், சிலர் பெரியதை மட்டும். இரண்டும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும்; கட்டளைக்குச் சின்னதன் பெயரைத் தர வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2இலிருந்து விஎம்வேரின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சர்வரையே ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்து நேரடியாக இம்போர்ட் செய்யலாம், 8.3இல் ஓ.வி.ஏ. கோப்பையும் வலைப்பக்கத்திலிருந்தே ஏற்ற வழி வந்துவிட்டது. ஓ.வி.ஏ. என்பது ஒரு டார் மூட்டை. அவிழ்ப்பதற்குத் தனியாக இடம் வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

விண்டோஸ் வி.எம். நீலத்திரையோடு நின்றால் இமேஜைச் சந்தேகப்படாதீர்கள். விர்ட்ஐ.ஓ. டிரைவர் (மெய்நிகர் வட்டோடு பேச உதவும் மென்பொருள்) உள்ளே இல்லாததால் தன் வட்டையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. வட்டை ஒருமுறை கழற்றி ‘சாட்டா’வாக மாட்டிக் கிளப்புங்கள், டிரைவர் நிறுவுங்கள். பிறகு சின்னதாக ஒரு வெற்று வட்டை ஸ்கசியாகச் சேர்த்து ஒருமுறை ஓடவிட்டு, அதன் பின் முதன்மை வட்டை ஸ்கசிக்கு மாற்றுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியது

வி.எம். ஓடுகிறது என்று உறுதியானதும், ‘டெம்ப்ளேட்/ஐஎஸ்ஓ’வில் கிடக்கும் மூல இமேஜை நீக்கலாம். இம்போர்ட் செய்தது தனி நகல், இதை நம்பி இல்லை. ஐ.எஸ்.ஓ. வைத்து நிறுவியவர்கள் மட்டும் ஒரு வேலையை முடித்துவிட்டு நீக்குங்கள்: ‘ஹார்ட்வேர்’ பக்கத்தில் சிடி டிரைவைத் திறந்து ‘டூ நாட் யூஸ் எனி மீடியா’ என்று மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. பொது ஸ்டோரேஜில் இருப்பதால் மைக்ரேஷன் இப்போது தடைபடாது என்பது உண்மை. ஆனால் செருகிய சிடியின் கோப்பை நீக்கினாலோ, நாஸ் பெட்டி ஒரு நாள் படுத்துவிட்டாலோ, சொந்த வட்டு செஃப்பில் பத்திரமாக இருந்தும் அந்த வி.எம். கிளம்பாது.